பட்டமா, பட்டறையா?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவரும் மே மாதத்தில் நம் கடைவீதிகளில் வியாபாரப் பேச்சு குறைந்துவிடும். துவரம் பருப்பு என்ன விலை, வெல்லம் வரத்து எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தவர்கள், "பையனுக்குக் கட்-ஆஃப் எவ்வளவு?" என்று கேட்கத் தொடங்குவார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத தகப்பனார்கள் சிட்டையைப் புரட்டுவது போல் தலையைக் குனிந்துகொள்வார்கள். நாம் இந்தக் கட்டுரையை எழுதுவது அவர்களுக்காகவே.

நல்ல மதிப்பெண் வாங்கி நல்ல கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லை. அவர்கள் பட்டப் படிப்புக்கே போகட்டும். கணக்கிலும் இயற்பியலிலும் உண்மையான பிடிப்புள்ள ஒரு பிள்ளையைச் சிக்கனம் கருதி வேறு பக்கம் திருப்புவது பெரும் பிழை என்றே சொல்வோம். நம் கவலையெல்லாம் நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றியது. கலந்தாய்வின் கடைசிச் சுற்று வரை காத்திருந்து, எந்தக் கல்லூரி என்று பாராமல் ஏதாவது ஒன்றில் இடம் பிடிப்பது, அதுவும் கிடைக்காவிட்டால் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டுவது என்பது நம் குடும்பங்களில் ஒரு வழக்கமாகிவிட்டது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? கடையின் முதலிலிருந்து வருகிறது. தீபாவளிச் சரக்குக்கு வைத்திருந்த தொகை கல்லூரிக்குப் போகிறது. மண்டிக்காரருக்குப் பாக்கி ஏறுகிறது. அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது.

நாம் ஒரு மூட்டை அரிசி வாங்கினால் குத்தூசியால் குத்தி, நாலு மணியை உள்ளங்கையில் போட்டு ஊதிப் பார்த்து, ஒன்றைக் கடித்தும் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். நான்கு வருடம், நான்கைந்து லட்ச ரூபாய் என்னும் கொள்முதலை மட்டும் விளம்பரப் பலகையைப் பார்த்து முடிவு செய்கிறோம். கல்லூரி வாரியாகத் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. கையில் உள்ள செல்போனிலேயே பார்க்கலாம். தேர்வு எழுதியவர்களில் பாதிப்பேர் கூடத் தேறாத கல்லூரி என்று தெரிந்தால் அந்த வாசலை மிதிக்க வேண்டியதில்லை. பஸ் எத்தனை, கட்டடம் எத்தனை மாடி என்று பார்த்துவிட்டு வருகிறவர்கள் இந்த ஒரு எண்ணைப் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் 1984-ல் தொடங்கின. அதற்கு முன் பொறியியல் பட்டம் என்பது சிலருக்கே கிட்டிய பொருள். ஆகவே அதற்கு மதிப்பு இருந்தது. வரன் பார்க்கும் இடத்திலும் இருந்தது. பிறகு கல்லூரிகள் நானூறு, ஐந்நூறு என்று பெருகின. வரத்து பெருகினால் விலை என்ன ஆகும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பட்டத்தின் பெயரில் நம் வீடுகளில் இருந்த மயக்கம் மட்டும் 1984-க்கு முந்தைய விலையிலேயே நிற்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். 2017-ல் கட்டண நிர்ணயக் குழு அறிவித்த விகிதப்படி அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவானால் 55,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. தரச்சான்று பெற்ற பிரிவில் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு அந்த விகிதத்தில் நான்கு ஆண்டுக்கு 3,48,000 ரூபாய் ஆகிறது. இதில் விடுதி இல்லை, சாப்பாடு இல்லை, பஸ் கட்டணம் இல்லை. ரசீதில் வராமல் கைமாறும் தொகை தனி. அப்படி வாங்குவதைத் தடுக்க 1992-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். கொடுக்கிறவர்கள் நாமாக இருக்கும்போது புகார் செய்வது யார்?

மறுபக்கத்தையும் பார்ப்போம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. பிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகள் இரண்டு ஆண்டு. வெல்டர் ஓர் ஆண்டு. அதன் பிறகு ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக, அதாவது தொழிற்பழகுநராகச் சேரலாம். இதற்கென்று 1961-ல் இயற்றிய தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. 2019-ல் திருத்திய விதிகளின்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய், டிப்ளமோக்காரருக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 உதவித்தொகை என்று வைத்தார்கள். இதை உயர்த்த வேண்டும் என்று மத்திய தொழிற்பழகுநர் குழு 2025-ல் பரிந்துரை செய்தது.

அந்த மூன்று எண்களை வாசகர்கள் இன்னொரு முறை பார்க்க வேண்டுகிறோம். பட்டதாரிக்கும் அதில் இடம் இருக்கிறது. 1973-ல் செய்த திருத்தத்தின்படி பட்டதாரிகளும் டிப்ளமோக்காரர்களும் இதே சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். நெய்வேலி நிலக்கரி நிறுவனத்திலும் திருச்சி பி.எச்.இ.எல்.லிலும் பொறியியல் பட்டதாரிகள் அப்ரண்டிஸாகச் சேர்ந்து பழகுகிறார்கள். லட்சங்களைச் செலவு செய்து பட்டம் வாங்கிய பிள்ளையும், கட்டணமில்லாமல் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளையும் ஒரே கேட்டில் அட்டையைக் காட்டி உள்ளே போகிறார்கள். வாசலில் இருவருக்கும் உள்ள வித்தியாசம் 2,000 ரூபாய். இது குறைந்தபட்சத் தொகைதான் என்பதையும், பத்து வருடம் கழித்துத் திறமையுள்ள பட்டதாரி வெகுதூரம் முன்னால் போய்விடக்கூடும் என்பதையும் நாம் மறுக்கவில்லை. 'திறமையுள்ள' என்ற சொல்லுக்குத்தான் அழுத்தம் கொடுக்கிறோம்.

பெரும்பாலான பெற்றோர் அறியாத செய்தி ஒன்று உண்டு. பட்டறைப் பக்கம் போய்விட்டால் பட்டத்தின் கதவு அடைபட்டுவிடும் என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு டிப்ளமோ படித்தால், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். டிப்ளமோ மூன்று, பி.இ. மூன்று, ஆக ஆறு ஆண்டு. பிளஸ் டூ வழியாகப் போகும் பிள்ளைக்கோ பள்ளி இரண்டு, கல்லூரி நான்கு, அதுவும் ஆறு ஆண்டுதான்! ஒரு வருடம் கூட நஷ்டமில்லை. ஐ.டி.ஐ. இரண்டாண்டுப் பயிற்சி முடித்தவரும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். அந்த வழியில் ஓர் ஆண்டு கூடுதலாகும், இடையில் அப்ரண்டிஸ் பயிற்சியும் எடுத்தால் இன்னோர் ஆண்டு. ஆனால் அந்த ஆண்டில் சம்பாத்தியம் இருக்கிறது.

இரண்டு பாதைக்கும் உள்ள வேற்றுமை நடுவழியில்தான் தெரியும். டிப்ளமோ வழியில் போகிற பிள்ளையின் கையில் மூன்றாம் வருட முடிவிலேயே விலைபோகும் ஒரு சான்றிதழ் இருக்கிறது. வீட்டில் அப்பாவுக்கு நெஞ்சுவலி, கடையில் நஷ்டம், எதுவானாலும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாம். வசதி வந்தபின் பகுதிநேரப் பி.இ.யில் சேரலாம். நேரே பி.இ. சேர்ந்து மூன்றாம் வருடத்தில் நிறுத்திய பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது? பிளஸ் டூ மார்க் பட்டியலும் பதினொரு அரியரும் இருக்கின்றன. சரக்கு பாதி வழியில் நின்றால் எவ்வளவு தேறும் என்று பார்த்துத்தான் நாம் லாரி பிடிக்கிறோம். அந்தப் புத்தியைப் பிள்ளைகள் விஷயத்திலும் காட்டலாம் என்பதே நம் கருத்து.

டிப்ளமோவிலிருந்து பி.இ. போகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. இரண்டாம் ஆண்டுக் கணக்குப் பாடம் அவர்களைத் திணற அடிக்கும். பட்டறையில் கை பழகிய அளவுக்குக் கணக்கு பழகியிருக்காது. சேருவதற்கு முந்தைய விடுமுறையில் கணக்குக்குத் தனியாக ஆள் வைத்துச் சொல்லிக் கொடுப்பது நல்லது.

கோவையில் ஜி.டி. நாயுடுவைப் பற்றிப் பேசாமல் இந்தப் பொருளை முடிக்க முடியாது. பள்ளிப் படிப்பை ஆரம்ப வகுப்புகளோடு விட்டவர். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓட்டத் தொடங்கி, பிறகு மின்மோட்டார் வரை செய்தவர். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி தோன்றக் காரணமாக இருந்தவரும் அவரே. இன்று அது அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பொறியியலுக்கு நான்கு ஆண்டு தேவையில்லை, இரண்டு ஆண்டில் சொல்லித் தரலாம் என்றார். அன்றைய ஆங்கில அரசு ஒப்புக்கொள்ளவில்லை, அவர் விலகிக்கொண்டார். இதைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, படிப்பே வேண்டாம்!" என்று கிளம்பிவிடும் அன்பர்கள் சிலர் நம்மிடையே உண்டு. நாயுடு ஊருக்கு ஒருவர் கூடப் பிறப்பதில்லை. அவரைக் காட்டி நம் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது, பக்கத்துக் கடைக்காரருக்கு லாட்டரி விழுந்ததைப் பார்த்துக் கடையை மூடுவது போலாகும். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்காமல் இயந்திரத்தைக் கற்க முடியாது என்று நம்பினார். கோவையிலேயே பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ.யை ஐந்து ஆண்டாக்கி, இடையிடையே தொழிற்சாலைப் பயிற்சியைச் செருகி நடத்தும் 'சாண்ட்விச்' படிப்பு இருக்கிறது. அந்த நம்பிக்கைக்குப் பல்கலைக்கழகமும் இடம் கொடுத்திருக்கிறது என்பதற்காகவே சொல்கிறோம்.

இனி அப்ரண்டிஸ் பக்கத்தின் குறைகளைச் சொல்லுவோம். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தன் கொள்கையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று 2014-ன் திருத்தம் சொல்கிறது, அவ்வளவே. ஆகவே ஓர் ஆண்டு வேலை வாங்கிவிட்டு, கைகுலுக்கி அனுப்பிவிட்டு, அடுத்த தொகுதியை உள்ளே எடுக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ அறை வாடகையும் சாப்பாடும் போக 7,000 ரூபாயில் ஒன்றும் மிஞ்சாது. வீட்டிலிருந்துதான் அனுப்ப வேண்டியிருக்கும். இதைவிட மோசம், ஒப்பந்தக்காரர் மூலம் 'டிரெய்னி' என்ற பெயரில் ஆள் எடுத்து, எந்தப் பதிவும் செய்யாமல் இரவு ஷிப்டில் நிறுத்துவது. நம் உறுப்பினர் ஒருவரின் மகன் அப்படி ஒரு தொழிற்சாலையில் பதினான்கு மாதம் இருந்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். சான்றிதழும் இல்லை, அனுபவக் கடிதமும் இல்லை. பையன் மேல் தவறில்லை. அது அப்ரண்டிஸ் பயிற்சியே அல்ல என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கவில்லை.

உண்மையான பயிற்சிக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் உண்டு. அது அரசின் இணையதளத்தில் பதிவாக வேண்டும். பையன் மேஜராகாவிட்டால் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். முடிவில் தேர்வு எழுதித் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் பெற வேண்டும். பயிற்சியின்போது அடிபட்டால் தொழிலாளிக்கு உள்ளதைப் போலவே இழப்பீடு உண்டு. அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக்கூடாது. பில் இல்லாத சரக்கை வாங்க யோசிக்கிற நாம், பதிவு எண் இல்லாத பயிற்சிக்கும் அதே யோசனையைக் காட்ட வேண்டும்.

ரயில்வேயைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலை ஆண்டுதோறும் அப்ரண்டிஸ் எடுக்கிறது. 2024-ல் 1,010 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஐ.டி.ஐ. படிக்காமல் பத்தாம் வகுப்போடு வருகிறவர்களுக்கும் அதில் இடமுண்டு. ரயில்வேயில் பயிற்சி முடித்தவர்களுக்கு முதல் நிலைப் பணிகளின் நேரடி நியமனத்தில் 20 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் கடைவீதிகளில் எத்தனை பேர் அந்த அறிவிப்பைப் படித்தார்கள் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணலாம்.

"டி.என்.பி.எஸ்.சி. குரூப் ஒன், பாங்கு ஆபீசர் தேர்வுகளுக்கு டிகிரி கேட்கிறார்களே?" என்பார்கள். கேட்கிறார்கள். ஆனால் அதற்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். லட்சங்கள் கொட்டிப் பொறியியலே படிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் தேர்வுகளே பையனின் குறி என்றால் அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். சேர்த்துவிடுங்கள். கட்டணம் சொற்பம், மாலையில் கடைக்கும் வருவான்.

"ஐ.டி.ஐ. என்றால் பெண் கொடுக்கமாட்டார்கள்" என்பதும் நாம் அடிக்கடி கேட்கும் வாதம். கொஞ்சம் உண்மையே. ஆனால் வேலையில்லாத பி.இ.க்கும் பெண் கிடைப்பதில்லை என்பதை நம் தரகர்கள் இப்போது வெளிப்படையாகவே சொல்கிறார்கள். பெண்பிள்ளைகள் விஷயத்தில் நம்மவர்கள் ஐ.டி.ஐ. என்ற சொல்லையே எடுப்பதில்லை. பெண்களுக்கென்றே அரசு ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன, ஓசூர், ஒரகடம் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலைகளில் பெண்களே பெரும்பங்கு வேலை செய்கிறார்கள். கணக்கில் கெட்டிக்காரியான மகளைப் பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு கல்லூரியில் 'கல்யாணம் வரை' என்று போட்டு வைப்பதைக் காட்டிலும் இது மேல்.

நம் தொழிலோடு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம் ஒன்று இருக்கிறது. இன்று சின்ன மளிகைக் கடையில் கூட பிரீஸர் இருக்கிறது. அது கோடையில் நின்றுபோனால் மெக்கானிக் சொல்வதுதான் கூலி. அவர் வருவதுதான் நேரம். எண்ணெய் ஆலை, அரிசி ஆலை, குளிர்பதனக் கிடங்கு வைத்திருக்கும் மொத்த வியாபாரிகள் எலக்ட்ரீஷியனுக்கும் பிட்டருக்கும் எப்படி அலைகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியும். ஆள் இல்லை என்று குறைப்படுகிற நாமே, நம் பிள்ளை அந்த வேலையைக் கற்பது கௌரவக் குறைவு என்றும் நினைக்கிறோம். இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்பது நமக்குப் புரியவில்லை.

2019-ன் விதிகள்படி முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட மொத்த ஆள் கணக்கில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் வைத்தாக வேண்டும். நான்கு பேர் முதல் வைத்திருக்கும் சிறு நிறுவனமும் விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். 2016-ல் வந்த தேசிய ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. நம் சங்கத்தின் ஆலை உறுப்பினர்களில் முப்பது பேர் கணக்குக்குள் வருகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலராவது முறையாகப் பதிவு செய்து, நம் சிறு கடைக்காரர்களின் பிள்ளைகளைப் பழகுநர்களாக எடுத்துக்கொண்டால் பையன் ஓசூரில் அறை தேட வேண்டியதில்லை. வீட்டுச் சாப்பாட்டோடு தொழில் கற்பான்.

அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாக வைக்க வேண்டுகிறோம். முப்பது பேருக்கோ அதற்கு மேலோ வேலை கொடுக்கும் உறுப்பினர்களின் பட்டியலையும், இந்த ஆண்டு பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடிக்கும் உறுப்பினர் பிள்ளைகளின் பட்டியலையும் அலுவலகத்தில் தயாரிப்பது கடினமான வேலையல்ல. ஐ.டி.ஐ. சேர்க்கைக்கும் பாலிடெக்னிக் சேர்க்கைக்கும் விண்ணப்பம் வாங்கும் நாட்கள் தேர்வு முடிவுகளை ஒட்டியே வந்துவிடும், பி.இ. கலந்தாய்வு முடியும் வரை காத்திருந்தால் அங்கே நல்ல பிரிவுகள் நிரம்பியிருக்கும். எனவே மே முதல் வாரத்துக்குள் இரண்டு பட்டியல்களும் கைக்கு வர வேண்டும்.